நெற்றியில் ஒற்றைச் சுழி

18 மார்ச் 2020, புதன்

வெளிக்கதவில் அட்டை மாட்டியாயிற்று. மறு அறிவிப்பு வரும்வரை குதிரைப் பந்தய அருங்காட்சியகம் மூடப்பட்டிருக்கும். கொரோனாவுக்காக ஊட்டியில் பூங்காவையே பூட்டிவிட்டார்கள், நாங்கள் எம்மாத்திரம்.

கடைசியாக வந்தது நேற்று ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம். உள்ளே ஐந்து நிமிஷம். வெளியே லாயத்தில் குதிரையோடு படம் எடுத்துக்கொள்ள அரை மணி. எப்போதும் இந்தக் கதைதான். ஜாக்கிகளின் பட்டுச் சட்டைகள், கோப்பைகள், வெள்ளைக்காரன் காலத்து எடை நாற்காலி என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நான் மாய்ந்து மாய்ந்து எழுதிய குறிப்பு அட்டை இருக்கிறது. ஒரு தேதி தப்பு என்று யாராவது காட்டினால் டிக்கெட் காசைத் திருப்பித் தருகிறேன் என்று ஐந்து வருஷமாகச் சொல்லிவருகிறேன். காட்ட வேண்டுமானால் முதலில் படிக்க வேண்டுமே. எல்லோருக்கும் அவலாஞ்சி லேடியைப் பார்த்தால் போதும்.

அவலாஞ்சி லேடி எங்களுடைய உயிருள்ள காட்சிப்பொருள். 2003இல் இதே ஊர் மைதானத்தில் கோடைக் கோப்பையை ஜெயித்த பெட்டைக் குதிரை. அதன் சொந்தக்காரர் கோயம்புத்தூரில் மில் முதலாளி. இந்த அருங்காட்சியகத்தை ஏற்படுத்தியவரும் அவர்தான். அவர் காலமான பிறகு மனைவி விசாலம் அம்மா டிரஸ்டை நடத்துகிறார்.

குதிரையைப் பார்த்துக்கொள்ளும் மஸ்தான் பாய் மகள் கல்யாணத்துக்காக இன்று ஆம்பூர் கிளம்பினார். "நாலு நாளு சார். ரெண்டு வேளை தீனி, தண்ணி. அவ்ளோதான். கட்டையால தள்ளி உட்டாகூட போதும்" என்றார். கட்டை என்று அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. குதிரைப் பந்தய அருங்காட்சியகத்தின் நிர்வாகியான எனக்குக் குதிரை என்றால் பயம். இது மஸ்தான் பாய் ஒருவருக்குத்தான் தெரியும்.

25 மார்ச், புதன்

நாடு முழுக்க ஊரடங்கு. பாய் ஆம்பூரில் மாட்டிக்கொண்டார். கட்டையால் தீனி தள்ளினேன்.

2 ஏப்ரல், வியாழன்

சாணியைக் கட்டையால் அள்ள முடியாது. இன்று லாயத்துக்குள் போனேன்.

பாய் போனில் வழி சொல்லிக்கொண்டே வந்தார். "பின்னாடி போவாத சார். தோள்கிட்ட நில்லு. பேசிக்கினே இரு." என்ன பேசுவது? குதிரையோடு பேசிப் பழக்கமில்லை. மனிதர்களோடும் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. கடைசியில் கோடைக் கோப்பையின் வரலாற்றைச் சொன்னேன். காதைத் திருப்பிக் கேட்டது. குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. பார்வையாளர்களைவிட மேல்.

வேலை முடிந்து வெளியே வந்து பார்த்தால் சட்டை முழுக்க நனைந்திருந்தது. இந்தக் குளிரில் எனக்கு வேர்த்தது இதுதான் முதல் தடவை.

14 ஏப்ரல், செவ்வாய்

தமிழ்ப் புத்தாண்டு. போன் எதுவும் வரவில்லை. மூன்று அறைகளிலும் பூஞ்சை துடைத்தேன். பட்டுச் சட்டைகளை ஒரு மணி நேரம் வெயிலில் போட்டேன். பந்தயப் பருவம் இன்று ஆரம்பித்திருக்க வேண்டும். மைதானம் பச்சைப் பசேலென்று வெறிச்சோடிக் கிடக்கிறது. ஒரு மாடு மேய்ந்தது. அது போகும் திசை தப்பு என்று சொல்ல ஆளில்லை.

பாயசம் வைத்தேன். ஒருவனுக்குப் பாயசம் வைப்பதில் அளவு பிடிபடுவதே இல்லை. மிச்சத்தைக் குதிரைக்குக் கொடுக்கலாமா என்று பாயைக் கேட்டேன். நாராசமாகத் திட்டினார்.

29 ஏப்ரல், புதன்

போன வாரம் கேத்தியிலிருந்து ஒரு விவசாயி வண்டி நிறையக் கேரட் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனார். மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கொண்டுபோக வழியில்லையாம். "குதிரையாவது திங்கட்டுங்க" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. நானும் குதிரையும் ஒரு வாரமாக ஒரே சாப்பாடுதான்.

குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்யக் கற்றுக்கொண்டேன். முழங்காலுக்குக் கீழே தடவினால் அதுவே காலைத் தூக்கிக் கையில் கொடுக்கிறது. இவ்வளவு பெரிய உருவம் தன் காலை என்னை நம்பிக் கொடுக்கிறதே என்று ஒரு கணம் திகைத்துப்போனேன். பாசம் என்றெல்லாம் நினைக்க வேண்டாம். காட்சிப்பொருள் பராமரிப்பு என் வேலையில் சேர்ந்தது.

17 மே, ஞாயிறு

என் நாற்காலியை அலுவலகத்திலிருந்து லாயத்துத் தாழ்வாரத்துக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே போன் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது.

(போன் வரவில்லை.)

11 ஜூன், வியாழன்

கட்டிலையும் லாயத்துக்குப் பக்கத்து அறைக்கு மாற்றினேன். கூரை ஒழுகுகிறதா என்று கவனிக்க வசதி.

மழை பிடித்துக்கொண்டது. குதிரைக்கு இருமல்.

3 ஜூலை, வெள்ளி

கால்நடை டாக்டர் போஜன் வந்தார். ஓய்வு பெற்றவர், எங்கள் டிரஸ்டுக்காக மட்டும் இன்னும் பார்க்கிறார். நெஞ்சில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். இரண்டு மாதத்தில் என்னோடு முகத்துக்கு முகம் பேசும் முதல் ஆள் என்பதால், அவர் பேசியதைவிட அவர் முகக்கவசம் அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்த ஈரம் இதுக்கு ஆகாதுங்க" என்றார். "வயசு இருபது. புல்லுத் தூசியும் பனியும் சேர்ந்து நுரையீரல் கெட்டுப்போச்சு. இந்த மழையைத் தாண்டிடும். அடுத்த மழை கஷ்டம். டிசம்பர் உறைபனியே கஷ்டம். சமவெளில, காய்ஞ்ச ஊர்ல இருந்தா இன்னும் அஞ்சாறு வருஷம் நல்லாவே இருக்கும்."

அவர் போனபின் புல்லையெல்லாம் தண்ணீரில் நனைத்து வைத்தேன். தூசி பறக்காது. அஞ்சாறு வருஷம் என்பது எனக்கு ஓய்வு வயதைத் தாண்டிய கணக்கு. அதை ஏன் யோசித்தேன் என்று தெரியவில்லை.

6 ஆகஸ்ட், வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

அவலாஞ்சிப் பக்கம் மலையே பெயர்ந்து வருகிற மாதிரி மழை என்று ரேடியோவில் சொன்னான். மத்தியானம் இங்கே காற்று. பின்வேலித் தைலமரம் ஒன்று சாய்ந்து லாயத்துக் கூரையைப் பெயர்த்துக்கொண்டு போயிற்று. தகரம் பறந்த சத்தத்தில் குதிரை சுவரோடு சுவராக ஒண்டிக்கொண்டு நடுங்கிற்று. பாய்க்குப் போன் போட்டால் லைன் இல்லை.

கயிற்றைப் பிடித்தேன். குதிரையை நான் நடத்திச் சென்றதே கிடையாது. "வாம்மா, வந்துடும்மா" என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டு முற்றத்தைத் தாண்டினோம். போக வேறு இடம் இல்லை. முன்வாசல் இரட்டைக் கதவைத் திறந்து, இரண்டு படி ஏற்றி, நேரே பெரிய கூடத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினேன். பார்வையாளர்கள் பொருட்களிலிருந்து மூன்றடி தள்ளி நிற்கவும் என்று நான் எழுதிய பலகையை அது ஒரு தட்டுத் தட்டிற்று. பிறகு கோப்பை அலமாரிக்கு எதிரே சாணி போட்டது.

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன், சிரிப்பு வந்துவிட்டது. தனியாக வாய்விட்டுச் சிரித்தால் அந்தக் கூடம் எப்படி எதிரொலிக்கும் என்பது இன்றுதான் தெரிந்தது.

7 ஆகஸ்ட், வெள்ளி

மழை விடவில்லை. குதிரை கூடத்திலேயே நிற்கிறது. காலையில் துண்டால் அதன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே அந்தப் பெரிய படம்: 2003, கோப்பையை ஜெயித்த கையோடு, மாலையும் கழுத்துமாக அவலாஞ்சி லேடியின் முகம். ஆள் உயரப் படம். அதன் கீழே உள்ள குறிப்பை நான்கு முறை திருத்தி எழுதியவன் நான்.

படத்தில் குதிரையின் நெற்றியில், கண்களுக்கு நடுவே ஒரு சுழி. அதற்குச் சற்று மேலே இன்னொரு சுழி. முடி இரண்டு இடத்தில் சுழன்று கிடக்கிறது.

என் கையிலிருந்த நெற்றியில் ஒரே ஒரு சுழி.

ஈரத்தில் ஒட்டியிருக்கும் என்று துடைத்தேன், சீவினேன், விரலால் தடவினேன். ஒன்றுதான். மற்றப் படங்களையெல்லாம் இறக்கி வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இரண்டு. சுழி மனிதனின் கைரேகை மாதிரி. குதிரைக்கு வயதானாலும் மாறாது. இதை நானே ஓர் அட்டையில் எழுதி மூன்றாவது அறையில் மாட்டியிருக்கிறேன்.

இத்தனை வருஷமாக எத்தனை பழைய பயிற்சியாளர்கள், ஜாக்கிகள், பந்தயப் பைத்தியங்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்! ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. பந்தயக்காரன் குதிரையின் காலைப் பார்ப்பான், மார்பைப் பார்ப்பான், நடையைப் பார்ப்பான். முகத்தை எங்கே பார்க்கிறான்? நான் பயத்தில் எதையுமே பார்க்கவில்லை.

இது அவலாஞ்சி லேடி இல்லை.

10 ஆகஸ்ட், திங்கள்

லைன் கிடைத்தது. "பாய், குதிரைக்கு எத்தனை சுழி?" என்று கேட்டேன்.

"மொகத்துகிட்ட போய்ட்டியா சார்?" என்றார். அதில் கோபமும் இல்லை, பயமும் இல்லை. ஏதோ சந்தோஷம் மாதிரி இருந்தது.

சொன்னார். லேடி 2013 மழையில் வயிற்றுவலி வந்து ஒரே பகலில் செத்துப்போனது. அப்போது முதலாளி கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். "டெய்லி போன் பண்ணி லேடி எப்படிக்கீதுன்னு கேப்பாரு சார். எப்படி சார் சொல்றது? அப்போ இருந்த மேனேஜரும் நானும் யோசிச்சோம். லேடியோட தாய்க்கே பொறந்த இன்னொண்ணு, ஒரு வயசு சின்னது, கோயமுத்தூர்ல ஒரு ரைடிங் ஸ்கூல்ல சும்மா நின்னுக்கினு இருந்துச்சு. அதே கலரு. கொண்டாந்து கட்டிட்டோம். மொதலாளி கடைசியா ஒருக்கா வந்தாரு. சக்கர நாற்காலில. இத்தோட கழுத்தக் கட்டிக்கினு அழுதாரு. அடுத்த மாசம் அவரே போய்ட்டாரு. அப்புறம் யாருகிட்ட போய் சார் சொல்றது?"

"இது ரேஸ் ஓடியிருக்கா?"

"ஓடிச்சு சார். ஒண்ணுகூட ஜெயிக்கல. பாவம், நல்ல மனசு. முன்னாடி ஓடுற குதிரைய முந்த மாட்டேன்னுது."

இரண்டு வருஷம் கழித்து வேலைக்கு வந்த நான், ஒரு பந்தயமும் ஜெயிக்காத குதிரைக்குப் பக்கத்தில் வெற்றி விவரம் எழுதி மாட்டியிருக்கிறேன். அதுவும் தங்க நிற எழுத்தில்.

பாய் இனி வரமாட்டார் போலிருக்கிறது. மருமகன் வேலை செய்யும் செருப்புக் கம்பெனியில் காவலுக்குச் சேர்ந்துவிட்டார். வைக்கும்போது, "அத்த அடிக்கடி தொட்டுக்கினே இரு சார், தனியா இருந்தா ஒடிஞ்சி பூடும்" என்றார்.

30 ஆகஸ்ட், ஞாயிறு

விசாலம் அம்மா போன். இரண்டு மாதத்துக்குப் பிறகு.

"நஞ்சுண்டன், நல்லா இருக்கீங்களா? சாப்பாட்டுக்கெல்லாம் சிரமம் இல்லையே?" என்று ஆரம்பித்தார். நல்ல மனுஷி. பிறகு விஷயத்துக்கு வந்தார். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு குதிரைப் பண்ணை. பெரிய பந்தயங்களில் ஜெயித்து ஓய்வு பெற்ற குதிரைகளைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றுகிறார்களாம். காய்ந்த ஊர். டாக்டர் எப்போதும் உண்டு. டாக்டர் போஜன்தான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். "லேடின்னதும் உடனே சரின்னுட்டாங்க. அக்டோபர்ல வண்டி அனுப்பறாங்களாம். உங்களுக்கும் ஒரு பாரம் குறையும்."

பாரமாம்.

31 ஆகஸ்ட், திங்கள்

தெளிவாக யோசித்துவிட்டேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான். ஓர் அருங்காட்சியகத்துக்கு உண்மையைவிடப் பெரிய சொத்து கிடையாது. ஒரு தேதி தப்பாக இருந்தாலே தூக்கம் வராதவன் நான். ஒரு குதிரையே தப்பாக இருக்கும்போது, பொய்ப்பெயரில் அதை இன்னொரு நிறுவனத்துக்கு அனுப்பிவைப்பது மோசடி. அம்மாவிடம் சொல்வேன். பண்ணைக்காரர்கள் வேண்டாம் என்பார்கள். குதிரை இங்கேயே இருக்கும். நேர்மைக்காக மட்டுமே இதைச் செய்கிறேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

1 செப்டம்பர், செவ்வாய்

முந்தின பக்கத்தின் கடைசி வரியை இன்று படித்தேன். யாரிடம் நிரூபிக்கிறேன்?

5 செப்டம்பர், சனி

அம்மாவுக்குப் போன் செய்தேன். ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் செய்தேன். சுற்றி வளைத்து, "அம்மா, ஒருவேளை பண்ணைக்காரங்க லேடி வேண்டாம்னு சொல்லிட்டா?" என்று ஆரம்பித்தேன்.

"ஏன் சொல்லப்போறாங்க? சொன்னா வேற வழி பார்க்கணும். மியூசியம் மறுபடி திறந்தாலும் இனிமே தீனிக்கும் மருந்துக்கும் டிரஸ்டால முடியாது. லேடிங்கறதாலதான் இத்தனை நாள் இழுத்துப் புடிச்சேன். அவர் உசிரையே வெச்சிருந்தாரு அது மேல. சாதாரணக் குதிரையா இருந்தா ஏரிக்கரை சவாரிக்காரங்க கிட்ட எப்பவோ குடுத்திருப்பேன்."

பத்தொன்பது வயதுக் குதிரை, கெட்டுப்போன நுரையீரல், முதுகில் ஆளை ஏற்றிக்கொண்டு பனியில் ஏரியைச் சுற்ற வேண்டும். "சும்மா கேட்டேனுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

போய்த் தாழ்வாரத்தில் உட்கார்ந்தேன். மாற்றிப்போட்ட புதுத் தகரத்தில் சாரல் விழும் சத்தம். குதிரை இருமியது. நின்றது, மறுபடி இருமியது. என் பின்னால் வந்து தோளில் தாடையை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கியது. உண்மையைச் சொன்னால் அது இங்கே என்னோடு இருக்கும், சீக்கிரம் சாகும். இல்லாவிட்டால் ஏரிக்கரையில் சாகும். பொய்யைச் சொன்னால் எங்கேயோ வெயிலில் நன்றாக இருக்கும், நான் தனியாக இருப்பேன். அழுதேன். ஐம்பத்தெட்டு வயதில் அழுவது நன்றாகவே இல்லை.

27 செப்டம்பர், ஞாயிறு

கடந்த மூன்று வாரமாக எழுதவில்லை. எழுத நேரமில்லை என்று இல்லை. பெரும்பாலும் லாயத்தில்தான் இருந்தேன். வெயில் அடித்த நாட்களில் மைதான வேலி ஓரமாக நடத்திக்கொண்டு போனேன். இப்போது கயிறு தேவைப்படுவதில்லை. நான் நின்றால் அதுவும் நிற்கிறது. என்னை முந்தியதே இல்லை.

12 அக்டோபர், திங்கள்

வண்டி வந்தது. கூடவே பண்ணையின் டாக்டர், எழிலரசி என்று ஒரு பெண். முப்பது வயதுகூட இருக்காது. சேலத்துக்காரி. வந்த வேகத்திலேயே முகக்கவசத்துக்கு மேல் கண்ணால் சிரித்து, "இவங்கதான் ஸ்டாரா சார்?" என்றாள்.

வண்டிக்காரர் சாய்பலகையை இறக்கிக் கட்டும் நேரத்தில் உள்ளே போய்க் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். ஆச்சரியம், அட்டைகளையெல்லாம் நின்று படித்தாள். வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் காபி போட்டுக் கொடுத்திருப்பேன். பெரிய படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றாள்.

வெளியே வந்து குதிரையின் நெற்றியைத் தடவினாள். கை அந்த இடத்திலேயே நின்றது.

"சார், படத்துல ரெண்டு சுழி இருக்கற மாதிரி இருந்துச்சே?"

"அந்தப் படத்துக்குக் கீழ இருக்கற அட்டை நான் எழுதினதும்மா" என்றேன். "இங்க இருக்கற அத்தனை அட்டையும் நான்தான். ஒண்ணுல தப்பு காட்டினாலும் டிக்கெட் காசைத் திருப்பித் தர்றேன். நான் சொல்றேன், இது அவலாஞ்சி லேடி."

என்னைப் பார்த்தாள். என் கை அப்போது குதிரையின் பிடரிமயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது என்பதே எனக்கு அவள் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

"சரிங்க சார். நீங்க சொன்னா சரிதான்" என்றாள்.

குதிரை சாய்பலகையில் ஏற மாட்டேன் என்றது. வண்டிக்காரர் இழுத்தார், நகரவில்லை. கடைசியில் நான் முன்னால் ஏறினேன். பின்னாலேயே ஏறி வந்தது. நான் பக்கவாட்டுக் கதவு வழியாக இறங்கிவிட்டேன். அது திரும்பிப் பார்ப்பதற்குள் கதவைச் சாத்தினார்கள். அதை ஏமாற்றித்தான் ஏற்றினேன்.

வாழ்க்கையில் எதையும் தப்பாக எழுதியதில்லை என்று பெருமை பேசியவன், அத்தனை பெருமையையும் ஒரே பொய்க்குச் செலவழித்துவிட்டேன். வருத்தமில்லை. லாயத்தைக் கழுவினேன். கட்டிலைப் பழைய அறைக்கு மாற்றினேன். இரண்டு பேருக்குக் கேரட் நறுக்கிவிட்டேன்.

13 அக்டோபர், செவ்வாய்

சத்தமே இல்லை.

16 நவம்பர், திங்கள்

திறந்தாயிற்று. வாசலில் கை கழுவும் திரவம், காய்ச்சல் பார்க்கும் கருவி, தரையில் மஞ்சள் வட்டங்கள். முதலில் வந்தது திருப்பூரிலிருந்து ஒரு பனியன் கம்பெனிக்காரர், மனைவியோடு. உள்ளே ஐந்து நிமிஷம். வெளியே வந்து, "குதிரை எங்கீங்க?" என்றார்.

"பண்ணைக்குப் போயிருச்சுங்க."

"அப்ப என்னத்தப் பாக்கறது?" என்றார் அவர். நியாயமான கேள்வி.

காலி லாயத்தில் மாட்ட ஓர் அட்டை எழுத உட்கார்ந்தேன். 'இங்கு வாழ்ந்த அவலாஞ்சி லேடி' என்று எழுத என் கை போகவில்லை. உள்ளதை எழுதவும் முடியாது. இந்த அருங்காட்சியகத்தில் அட்டை இல்லாத ஒரே இடம் அதுதான். அப்படியே கிடக்கட்டும்.

22 நவம்பர், ஞாயிறு

ஞாயிறு என்பதால் கூட்டம். டிக்கெட் மேஜையில் இருக்கும்போது டாக்டர் எழிலரசி போன். குரலைக் கேட்டதுமே குதிரை செத்துவிட்டது என்று நினைத்தேன்.

"இல்ல சார், இல்ல சார். இருமல் நல்லாக் குறைஞ்சிருச்சு. ஆனா மனசு சரியில்ல போல. ஒரு வாரமா தீனி எடுக்கறதில்ல. சுவரைப் பாத்துத் திரும்பிட்டு நிக்குது. லேடி, லேடின்னு எல்லாரும் கூப்பிட்டுப் பாத்துட்டோம். காதுகூட அசைக்கல. அங்க நீங்க என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க சார்?"

என்ன சொல்லிக் கூப்பிட்டேன்? வாம்மா, இரும்மா, இந்தாம்மா. அவலாஞ்சி லேடி இல்லை என்று தெரிந்த பிறகு லேடி என்று கூப்பிட வாய் வரவில்லை. அதன் சொந்தப் பெயரை நான் கேட்கவே இல்லை. எந்தக் கோப்பையை யார் ஜெயித்தார்கள் என்று இந்த அருங்காட்சியகத்திலுள்ள அத்தனை பெயரும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். மாதக்கணக்கில் என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நின்ற உயிருக்கு என்ன பெயர் என்று கேட்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

"பத்து நிமிஷத்துல கூப்பிடறேம்மா" என்று வைத்துவிட்டு ஆம்பூருக்குப் போன் போட்டேன்.

"பேரா?" என்றார் மஸ்தான் பாய். கம்பெனி வாசலில் லாரி சத்தம். "ரேஸ் பேரு இன்னாவோ இங்கிலீஸ்ல இருந்துச்சு சார். அத்த யாரு கூப்டா? லேடிக்கு ஒரு வயசு சின்னது இல்லியா, ஸ்டேபிள்ல பசங்க எல்லாம் தங்கச்சின்னுதான் கூப்டுவாங்க. குட்டியா இருந்தப்போலேந்து அதான் பேரு. நானும் யாரும் இல்லாதப்போ அப்டித்தான் கூப்டுவேன்."

டாக்டரைத் திரும்ப அழைத்தேன். "தங்கச்சின்னு கூப்பிடுங்கம்மா."

"தங்கச்சியா?"

"வீட்டுப் பேரு."

"எங்க வீட்லயும் எனக்கு வேற பேருதான் சார்" என்றாள் மெதுவாக. "நீங்களே கூப்பிடுங்க. காதுகிட்ட போனை வெக்கறேன்."

மேஜைக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் டிக்கெட்டுக்கு நின்றார்கள். யாரையும் அப்படிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை; கூடப் பிறந்தவர்கள் எனக்குக் கிடையாது. முகக்கவசத்தைக் கீழே இறக்கிக்கொண்டு, "தங்கச்சி" என்றேன். இன்னொரு தரம், சத்தமாக, "தங்கச்சி, நான்தாம்மா" என்றேன்.

அந்தப் பக்கம் வைக்கோல் சரசரத்தது. யாரோ, "பாருங்க பாருங்க" என்றார்கள். டாக்டர் தூரத்திலிருந்து, "திரும்பிருச்சு சார்! பேசுங்க, நிறுத்தாதீங்க!" என்று கத்தினாள்.

என்ன பேசுவது என்று இந்தத் தடவை யோசிக்கவில்லை. இங்கே பனி அதிகம் என்றேன். கூரை ஒழுகவில்லை என்றேன். கேரட் விலை ஏறிவிட்டது என்றேன். பொய்யைச் சொல்லி அனுப்பிவிட்டேன், மன்னித்துக்கொள், அங்கே வெயில் நன்றாக இருக்கும், சாப்பிடு என்றேன்.

பிறகு போனில் அந்தச் சத்தம் கேட்டது. கொள்ளுத் தீனியை வாயில் போட்டு, பல்லுக்கு நடுவே அவசரமில்லாமல் அரைக்கிற சத்தம். டிக்கெட் கேட்டு நின்றவரைப் பார்த்து, கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினேன். தங்கச்சி சாப்பிட்டு முடிக்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.